ஒரு தட்டு மிதி, இரண்டு தட்டு விடு

முதல் தடவை பிரேக் பெடல் தன் பாதத்தைத் திருப்பி அழுத்தியபோது, கால்தான் அசதியில் நடுங்குகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பெரிதாக ஒன்றுமில்லை, அடியிலிருந்து ஒரு சின்ன உந்தல். தூங்குகிற குழந்தையின் வயிற்றில் கையை வைத்தால் மூச்சுக்கு மூச்சு உள்ளங்கையை மெல்ல மேலே தள்ளுமே, அப்படி. இந்த வேலைக்கு உட்காரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் மிதிப்பாள். அந்த ரப்பரின் வரிவரியான மேடுபள்ளம்கூட அவள் உள்ளங்காலுக்கு மனப்பாடம். அது ஒருநாளும் அவளைத் தள்ளியதில்லை.

"என்னங்க, பெடல் மேல தள்ளுது."

"என்னது?" வேனுக்குப் பின்னால், இடது சக்கரத்தின் அடியிலிருந்து கணவனின் குரல் வந்தது. படுத்துக்கொண்டு பேசுகிறவர்களின் குரல் எப்போதும் கொஞ்சம் அமுங்கித்தான் இருக்கும்.

"நான் மிதிச்சா அது என்னைத் திருப்பி மிதிக்குதுங்கறேன்."

"நல்லதாப் போச்சு. இந்த வீட்டுல உன்னை எதிர்க்க ஒரு ஆளாவது இருக்கே." சிரித்தார். "ஏர்தான் அது. உள்ள காத்து நின்னா ஸ்பாஞ்சு மாதிரிதான் இருக்கும். ம், இப்ப விடு."

அவள் விட்டாள்.

ஊரில் எல்லோரும் அவரை வேன்காரர் என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேன். வெள்ளிக்கிழமை மாலை பள்ளி வாசலில் நிறுத்தப் போனபோது பெடல் ஒரேயடியாகக் கீழே இறங்கிவிட்டது. நாலைந்து தடவை விட்டு விட்டு மிதித்துத்தான் நிறுத்தினாராம். அதை அவர் வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். தினமும் காலையில் அவருக்கு நேர் பின் இருக்கையில் உட்கார்ந்து போவது அவர்களுடைய பெண். அவள் சனி ஞாயிறுக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். திங்கட்கிழமை காலைக்குள் பிரேக் சரியாக வேண்டும்.

பிரேக் வேலையை அவர் வெளியில் எங்கும் கொடுப்பதில்லை. ஒர்க்‌ஷாப்பில் கழுதை மாதிரி வேலை செய்துவிட்டுக் கடைசி நட்டை முடுக்க மறந்துவிடுவான்கள் என்பது அவர் கட்சி. காலையிலேயே பின் சக்கரங்களைக் கழற்றி, புது பிரேக் ஷூ மாட்டி, டிரம்மைத் துடைத்து மூடியாகிவிட்டது. அதற்காகக் கைப்பிரேக் கம்பியைக் கழற்றியிருந்தார்; அதைக் கடைசியில் மாட்டிக்கொள்ளலாம். பேட்டரி ஒயரையும் கழற்றிவிட்டார். வேலை முடிகிறவரை வண்டியில் கரண்டே இருக்கக் கூடாது என்பது அவர் வழக்கம். மீதி இருந்தது ஏர் எடுக்கிற வேலைதான். அதற்கு ரெண்டு பேர் வேண்டும்.

அந்த வேலை இப்படி. பெடலை மிதித்தால் பிரேக் ஆயில், குழாய் வழியாக ஓடி நாலு சக்கரத்தையும் பிடிக்கும். குழாயில் காற்று புகுந்துவிட்டால் மிதிப்பதெல்லாம் காற்றை அமுக்குவதிலேயே போய்விடும், சக்கரம் நிற்காது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் பின்னால் ஒரு சின்ன திருகு உண்டு. ஒருவர் மிதித்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் திருகைத் திறப்பார். காற்றும் ஆயிலும் உள்ளே ஓடுவது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் டியூப் வழியாகக் குமிழி குமிழியாகப் பாட்டிலுக்குள் இறங்கும். திருகை மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் எடுத்தால் வெளிக்காற்று உள்ளே ஏறிவிடும், எல்லாம் முதலிலிருந்து. தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கிட்டே வர வேண்டும்: பின் இடது, பின் வலது, முன் இடது, கடைசியாக ஓட்டுநர் காலுக்குப் பக்கத்தில் இருக்கிற முன் வலது.

கல்யாணமான புதிதில் அவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு பாடம். "நான் விடுன்னு சொல்ற வரைக்கும், வீடே இடிஞ்சு விழுந்தாலும் கால எடுக்காத." அவளும் எடுத்ததில்லை. வண்டி ஓட்ட அவர் கற்றுக்கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. மற்ற ரெண்டு பெடலும் எதற்கு என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. இது ஒன்றுதான் அவளுடையது.

பின் இடது முடிந்ததும் அவர் எழுந்து முன்னால் வந்தார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் நடுவில் ஆயில் டப்பாவை நிரப்பியாக வேண்டும், அது வற்றினால் அதன் வழியாகவும் காற்று ஏறும். நிரப்பிவிட்டு, அழுக்கு ஆயில் நின்ற பாட்டிலை ஜன்னல் வழியாக அவளிடம் நீட்டினார். கெட்டுப்போன மீனும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல ஒரு வாடை. கறுப்பாக இருந்தது. பாட்டில் அவர் கையில் அசையாமல் இருந்தும் அடியிலிருந்து ஒரு குமிழி புறப்பட்டு, நிதானமாக மேலே வந்து, உடைந்தது.

"பாத்தியா. நிக்கவே மாட்டேங்குது. இவ்வளவு காத்து எங்கேர்ந்துதான் வருதோ. என்னமோ உள்ள உக்காந்து ஒருத்தன் மூச்சு விடற மாதிரி."

"சும்மா பயமுறுத்தாதீங்க."

"அசிஸ்டென்டுக்குக் கால் வலிக்குதா?"

"வலிக்காம?"

வேன் நின்ற ஷெட்டுக்கு இடப்பக்கம் சுவர் கிடையாது. நாலு தூண், மேலே தகரம், அந்தப் பக்கம் வீட்டு மதில். மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு டெய்லரின் தலை தெரிந்தது. கழுத்தில் அளவெடுக்கிற இஞ்ச் டேப் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமையும் தைக்கிற மனுஷன்.

"என்ன அண்ணி, இன்னிக்கும் டியூட்டியா?"

"தம்பி, என்னைக் காப்பாத்துங்களேன்! இந்த மனுஷன் என்னைக் கொல்றார்!"

"அடுத்த ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வர்றேன் அண்ணி!"

வேன் வேலை நடக்கும்போதெல்லாம் இந்த வசனம் உண்டு. அவள் கேட்பாள், டெய்லர் இதையே சொல்வார், மூன்று பேரும் சிரிப்பார்கள். அன்றும் சிரித்தார்கள். டெய்லரின் தலை இறங்கியது. மழையின் முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன.

"மழை பிடிச்சுக்கும்போல. கத்தினா கேக்காது, தட்டறேன்" என்றார் வேன்காரர். மழைக்காலத்துக்கென்று அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. அவர் ஸ்பேனரால் டிரம்மில் ஒரு தட்டு தட்டினால் மிதித்துப் பிடிக்க வேண்டும். அவள் விரல் முட்டியால் கதவுத் தகட்டில் ஒரு தட்டுத் தட்டுவாள்: மிதிச்சாச்சு. அவர் இரண்டு தட்டு தட்டினால் விட வேண்டும்.

வலப்பக்கம் வீட்டுச் சுவர் ஒட்டியே இருந்தது. ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற இடைவெளிதான். அதில் நுழைந்து பின்னால் போனார். சற்று நேரத்தில் வலப்பக்கக் கண்ணாடியில் அவருடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. உடம்பு வேனுக்கு அடியில், பின் சக்கரத்துக்குப் பின்னால். கால் ரெண்டும் சுவரோரமாக வெளியே. ஷெட்டின் தரை வாசலைப் பார்த்துச் சரிவு. வண்டி பின்னால் உருளாமல் இருக்கச் சக்கரத்தில் செங்கல் வைத்திருந்தார்.

டங்.

மிதித்தாள். கதவில் தட்டினாள். பெடல் மெல்ல இறங்கியது.

டங் டங்.

விட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையின் மேல் யாரோ மூட்டை மூட்டையாகக் கூழாங்கல்லைக் கொட்டிக்கொண்டே இருப்பதுபோல ஒரே இரைச்சல். கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் திரையாக இறங்கி வாசலை மறைத்தது, பகல் வெளிச்சம் அழுக்குத் தண்ணீரின் நிறத்துக்கு மங்கியது, வண்டிக்குள்ளே பிள்ளைகளின் சாக்ஸ் வாடையும் பென்சில் சீவல் வாடையும் அந்தக் கெட்ட மீன் வாடையும் ஒன்றோடொன்று குழைந்து, மூடிய பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பதுபோல அவளுக்கு மூச்சு முட்டியது. ஆனால் தட்டு மட்டும் துல்லியமாகக் கேட்டது. காதால் அல்ல. இரும்புக் குழாய் வழியாக வந்து உள்ளங்காலில் கேட்டது.

டங். மிதி. டங் டங். விடு. டங். மிதி. டங் டங். விடு.

ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் அந்த உந்தல் இருந்தது. இப்போது சற்று நீளமாக. அவள் இறங்கும்போது அது ஏறியது.

விட்ட கால் இன்னும் காற்றில் இருந்தபோதுதான் வண்டி ஒரு குலுக்குக் குலுங்கிப் பின்னால் நகர்ந்தது. அரிசி மூட்டையை இறக்கி வைத்தாற்போல ஒரு மெத்தென்ற சத்தம். அவள் யோசிக்கவில்லை. கால் தானாக மிதித்தது. வண்டி நின்றது.

"என்னங்க?"

மழை.

"என்னங்க, செங்கல் நழுவிடுச்சா? என்னங்க!"

டங்.

அப்பாடா. ஒரு தட்டு. அவள் இன்னும் நன்றாக அழுத்தினாள், கதவில் தட்டினாள். திருகைத் திறந்ததுபோலப் பெடல் வழுவழுவென்று இறங்கிப் பாதியில் நின்றது. இனி இரண்டு தட்டு வரும். விடலாம். விட்டதும் கீழே இறங்கி அந்தச் செங்கலை ஒழுங்காக வைக்கச் சொல்ல வேண்டும். இந்த மனுஷனுக்கு எல்லாவற்றிலும் அலட்சியம். வாயைத் திறந்தால் மட்டும் ஒர்க்‌ஷாப்காரனைக் குறை சொல்வது.

இரண்டு தட்டு வரவில்லை.

அவள் காத்திருந்தாள். தொடை இறுகிக் கடுத்தது. பாட்டில் நிறைந்துவிட்டிருக்கும். டியூப் நழுவியிருக்கும். ஸ்பேனர் கை தவறி உருண்டிருக்கும். ஒவ்வொன்றாக நினைத்து ஒவ்வொன்றாகத் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

டங்.

ஒரு தட்டு. ஏற்கெனவே மிதித்துத்தானே இருக்கிறோம், மறுபடி எதற்கு மிதிக்கச் சொல்கிறார் என்று ஒரு கணம் எரிச்சல்பட்டாள். அப்புறம்தான் உள்ளங்கால் அவளுக்குச் சொன்னது. அந்தத் தட்டு பின்னாலிருந்து வரவில்லை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு தொனி உண்டு. பின் சக்கரங்கள் கனத்து வரும், முன் சக்கரங்கள் மெலிந்து வரும். இது முன் இடது.

பின் வலதிலிருந்து முன் இடதுக்குப் போக வேண்டுமானால் அவர் அவளைத் தாண்டித்தான் போயாக வேண்டும். ஆயில் டப்பாவை நிரப்பியாக வேண்டும். அசிஸ்டென்ட் என்று ஏதாவது சீண்டாமல் போகமாட்டார். அதெல்லாம் இருக்கட்டும். இரண்டு தட்டு தட்டாமல், அவளை விடச் சொல்லாமல், அடுத்த சக்கரத்துக்கு அவர் ஒருநாளும் நகர்ந்ததில்லை.

வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள்.

பாதங்கள் அங்கேயே இருந்தன. பின் சக்கரத்தருகில், சுவரோரமாக. ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொன்று கழன்று குப்புறக் கிடந்தது. செங்கல் ரெண்டாக உடைந்து தள்ளிக் கிடந்தது. ஸ்பேனர் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில், ஈரத்தில், பளபளத்துக்கொண்டு கிடந்தது.

முன் இடது சக்கரத்தில் மறுபடி ஒரு தட்டு. டங்.

கதவைத் திறக்கக் கை போயிற்று. திறந்து, இறங்கி, ஓடி, அவரை இழுத்து... காலில் இருந்த அழுத்தம் ஒரு இம்மி தளர்ந்தது. ஒரு இம்மிதான். வண்டி பின்னால் நகர்ந்தது. கண்ணாடியில் அந்தப் பாதங்கள் ரெண்டும் சேர்ந்து ஒருமுறை துள்ளின.

மிதித்தாள். இடது காலையும் தூக்கி வலது காலின் மேல் வைத்து மிதித்தாள். வண்டி நின்றது.

செங்கல் இல்லை. கைப்பிரேக் இல்லை. அவள் கால் ஒன்றுதான் இந்த வேனைப் பிடித்துக்கொண்டிருந்தது. பின்னால் திருகு திறந்து கிடந்தாலும் முன் சக்கரம் ரெண்டும் தனியாகப் பிடிக்கும் என்று அவர் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவள் கேட்டதில்லை.

ஆனால் துள்ளின. உயிர் இருக்கிறது. துள்ளினவே.

ஹாரனை அமுக்கினாள். பேட்டரி ஒயர் கழற்றியாயிற்று. போன் அவர் சட்டைப் பையில், சட்டை சமையலறை ஆணியில். கியர் கம்பியைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள். அவர் தள்ளும்போது கடக்கென்று எங்கோ போய் மாட்டுமே, அது மாட்டினால் வண்டி நகராது என்று மட்டும் தெரியும். மாட்டவில்லை. பாதி தூரம் போய்க் கறகறவென்று அரைத்துத் திரும்பி வந்தது. இடது கால் பெடலுக்கு அதில் ஏதோ வேலை உண்டு. என்ன வேலை? இத்தனை வருஷம் இதே சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். என்ன வேலை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கத்தினாள். அவரைக் கூப்பிட்டாள், கடவுளைக் கூப்பிட்டாள், டெய்லரைக் கூப்பிட்டாள். மழை அவள் குரலைத் தகரத்துக்கு அடியிலேயே அமுக்கிவைத்தது.

பிறகு மழை தணிந்தது. திரை திரையாக விழுந்தது நூல் நூலாயிற்று. மதிலுக்கு மேல் ஒரு கறுப்புக் குடை எழுந்தது. குடைக்கடியில் டெய்லரின் முகம்.

"தம்பி! தம்பி, காப்பாத்துங்க! தம்பி!"

டெய்லர் சிரித்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வர்றேன் அண்ணி!"

"ஐயோ இல்ல! நிஜமா! அவர் அடியில, வண்டிக்கு அடியில கிடக்கறார், நான் கால எடுத்தா..."

டெய்லரின் சிரிப்பு சற்றுக் குறைந்தது. குடையைச் சாய்த்து எட்டிப் பார்த்தார். அவர் நிற்கிற இடத்திலிருந்து வேனின் இந்தப் பக்கம் தெரியாது. "அண்ணே?" என்று குரல் கொடுத்தார். "அண்ணி என்னமோ சொல்றாங்க. எல்லாம் சரிதானே?"

"ஒண்ணுமில்லப்பா."

வேன்காரரின் குரல். படுத்துக்கொண்டு பேசுகிறவரின் அமுங்கிய குரல். முன் இடது சக்கரத்துக்கு அடியிலிருந்து வந்தது.

"அசிஸ்டென்டுக்குக் கால் வலிக்குதாம். அதான் ஊரைக் கூட்டறா. நீ போ."

டெய்லருக்குச் சிரிப்பு திரும்பி வந்தது. "கொஞ்சம் ரெஸ்ட் குடுங்கண்ணே, பாவம் அவங்க."

"இன்னும் ஒரு சக்கரம்தான்" என்றது குரல்.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். பாதங்கள் அங்கேயே இருந்தன. வாயைத் திறந்தாள். பல் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டது. டெய்லர் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, குடையோடு மதிலுக்குக் கீழே இறங்கினார். கதவு சாத்துகிற சத்தம். தையல் மெஷின் ஓடத் தொடங்கிற்று. பத்தடி தூரத்தில், நிம்மதியாக.

பெடல் இறங்கிக்கொண்டிருந்தது.

இதுவரை அவள் கவனிக்கவில்லை, இப்போதுதான் கவனித்தாள். பாதியில் நின்றிருந்தது முக்காலுக்கு வந்திருந்தது. மெல்ல. நெய் இளகுவதுபோல. டப்பா வற்றுகிறது. தரையைத் தொட்டுவிட்டால் அப்புறம் மிதிக்க ஒன்றுமில்லை.

டங்.

மிக அருகில். கதவுக்கு வெளியே. அவள் முழங்காலுக்கு நேரே. முன் வலது.

ஜன்னலில் குனிந்து பார்த்தால் அந்தச் சக்கரம் தெரியும். அவள் குனியவில்லை. அந்தக் குறுகிய இடைவெளியில் சுவரும் தண்ணீரும் மட்டும் இருக்க வேண்டும் என்று, வேறெதையும் கேட்காமல், கடவுளிடம் அதை மட்டும் கேட்டாள்.

டங் டங்.

விடு.

இத்தனை வருஷப் பழக்கம். கால் எழப் பார்த்தது. தொடையில் நரம்பு ஒன்று சுண்டி இழுத்தது. ரெண்டு கையாலும் தன் முழங்காலைப் பிடித்துக் கீழே அழுத்திக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, இரண்டு தட்டுக்கு அவள் விடவில்லை.

டங் டங்.

"மாட்டேன்."

டங் டங்.

"மாட்டேன், மாட்டேன், மாட்டேன்."

நின்றது.

தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கூரை விளிம்பில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். வண்டிக்குள் அந்த வாடை, இப்போது கதகதப்பாக, யாரோ முகத்துக்கு நேரே வாயைத் திறந்ததுபோல. பெடல் இறங்கியது. இறங்கி, தரைவிரிப்பைத் தொட்டது. அதற்கு மேல் இடமில்லை. ஆனாலும் வண்டி நகரவில்லை. பிடித்திருந்தது. எது பிடித்திருந்தது என்று தெரியவில்லை. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

எங்கேயிருந்தோ ஒரு இருமல்.

கண்ணாடியில் பாதங்கள் அசைந்தன. செருப்பில்லாத காலின் விரல்கள் மடங்கி விரிந்தன. வேனுக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்தது, ஆயிலும் சேறுமாக. தரையைத் தடவியது. ஸ்பேனரைக் கண்டுபிடித்தது.

"என்னங்க!" அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவளுக்கு. "வெளிய வாங்க! என்னங்க, சீக்கிரம் வெளிய வாங்க!"

கை முயன்றது. இழுத்தது. உடம்பு வரவில்லை. எதுவோ சிக்கியிருந்தது, அல்லது எதுவோ பிடித்திருந்தது. கை ஓய்ந்தது. பிறகு, பலமில்லாமல், டிரம்மில் ஒரு தட்டு.

டங்.

மிதி.

அந்தத் தட்டு அவளுக்கானது. அது அவருடைய கை. மிதி என்கிறார். விடாதே என்கிறார். "மிதிச்சிட்டுதான் இருக்கேன்" என்றாள். "நீங்க வாங்க. நான் மிதிச்சிட்டுதான் இருக்கேன்."

அப்போது அவள் பாதத்துக்கு அடியில் தட்டியது.

சக்கரத்தில் இல்லை. குழாயில் இல்லை. பெடலுக்கு மறுபக்கத்தில். ரப்பருக்கு அந்தப் பக்கம். உள்ளங்காலுக்கு நேர் கீழே. இரண்டு தட்டு.

ரப்பர் சூடாக இருந்தது. வரிவரியான மேடுபள்ளம் இல்லை. வேறு மேடு. வேறு பள்ளம். குதிகாலுக்குக் குதிகால். விரலுக்கு விரல். அவளுடைய ஐந்துக்கு எதிரே ஐந்து. ஒவ்வொன்றாக வந்து பொருந்தின.

பிறகு மேலே தள்ளியது.

மிதித்தாள். ரெண்டு காலாலும் மிதித்தாள். சீட்டில் முதுகை ஊன்றி, ஸ்டியரிங்கைப் பிடித்து, எழுந்து நின்று மிதித்தாள். அவசரமில்லாமல் வந்தது. குழந்தையை உள்ளங்காலில் நிறுத்தித் தூக்குகிறவர்களின் நிதானத்தோடு வந்தது. அவள் கணுக்கால் மடங்கியது. முழங்கால் மடங்கியது. தலை கூரையில் இடித்தது.

டங், என்று பின்னாலிருந்து. மிதி.

முழங்கால் வயிற்றுக்கு வந்தது.

டங். டங். டங். ஒவ்வொன்றும் தனித்தனியாக. மிதி. மிதி. மிதி.

முழங்கால் மார்புக்கு வந்தது.

சக்கரம் நெறுக்கென்றது. உடைந்த செங்கல் துண்டு ஒன்று அதற்கடியில் மெல்லப் பொடியாகிற சத்தம் கேட்டது. கண்ணாடியில் சுவர் நகர்ந்தது. அந்தக் கை இன்னும் தட்டிக்கொண்டிருந்தது, பதிலுக்குக் காத்துக்கொண்டு.

அவள் கையை நீட்டினாள். விரல் முட்டியால் கதவுத் தகட்டில் ஒரு தட்டுத் தட்டினாள்.

மிதிச்சாச்சு.